சிசிலியில் பத்து நாள்: மேற்கா, கிழக்கா?

கேள்வி, 2025 ஏப்ரல் 6

அக்டோபர் பிற்பகுதியில் 10 நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு சிசிலித் தீவுக்குப் போகிறோம். என் கணவர், நான், 71 வயதாகும் அத்தை (கணவரின் அம்மா) என்று மூன்று பேர். பலேர்மோ, செஃபலு, த்ராபனி, மார்சலா, அக்ரிஜெந்தோ, ரகூசா, நோத்தோ, சிராகூசா, எத்னா, தவோர்மினா என்று பட்டியல் போட்டிருக்கிறேன். பத்து ஊர், பத்து நாள், கணக்குச் சரியாக வருகிறது. ஒயின் செய்யும் கூடங்களையும் பார்க்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. அத்தையும் நானும் குடிப்பதில்லை. குடிக்காதவர்கள் அங்கே போய்ப் பார்க்க ஏதேனும் உண்டா, அல்லது அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கடற்கரையில் உட்கார்ந்திருக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

7 ஏப்ரல், காலை

பத்து ஊர், பத்து நாள் என்பது தாளில் சரியாக வரும், வழியில் சரிவராது. சிசிலி மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு. பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மேற்கே பலேர்மோவுக்கும் கிழக்கே கத்தானியாவுக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. அதைவிட்டு இறங்கினால் மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலைகள்தான். தினமும் பெட்டி கட்டி, தினமும் புதிய விடுதியில் சாவி வாங்கி, தினமும் வண்டி நிறுத்த இடம் தேடினால் உங்கள் அத்தை மூன்றாம் நாளே களைத்துவிடுவார். மதியம் ஒரு மணி வாக்கில் சாத்தும் சிறிய தேவாலயங்களும் கடைகளும் நான்கு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2019 அக்டோபரில் கணவரும் நானும் கிழக்குப் பாதியைப் பார்த்தோம். 2023 செப்டம்பரில் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேற்குப் பாதிக்குப் போனோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதை என்று கேட்டால் தயங்காமல் மேற்கு என்பேன். பலேர்மோவில் நான்கு இரவு, த்ராபனியில் ஆறு இரவு. த்ராபனியில் தங்கினால் தலைக்கு மேலே எரிச்சே மலையூர், தெற்கே 30 கிலோமீட்டரில் மார்சலா, இரண்டுக்கும் நடுவே உப்பளங்களும் மோத்சியா தீவும், கிழக்கே போகும் வழியில் செஜெஸ்தா. செஜெஸ்தாவில் 36 தூண்களோடு ஒரு கிரேக்கக் கோயில் கூரை போடப்படாமலே 2,400 ஆண்டுகளாகக் குன்றின் மேல் நிற்கிறது. எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். மாலையில் திரும்பி வந்து அதே கட்டிலில் படுக்கலாம்.

ஒயினுக்கும் மேற்குதான் சரி. மார்சலா ஒயினைக் கண்டுபிடித்தவர் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர். 1773இல் அந்தத் துறைமுகத்தில் இறங்கி, உள்ளூர் ஒயினைச் சுவைத்து, கடற்பயணம் தாங்குவதற்காக அதில் சாராயம் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய தொழில் இன்றும் நடக்கிறது. அந்தப் பழைய கூடங்களைப் பார்ப்பதற்கு யாரும் குடிக்க வேண்டியதில்லை.

7 ஏப்ரல், இரவு

காலையில் எழுத மறந்தது. எரிச்சே ஊர் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மேகம் தெருவுக்குள் புகுந்துவிடும். தெருக்களில் பாவிய கற்கள் பல நூற்றாண்டு நடையில் வழவழப்பாகி, மேகத்தின் ஈரம் பட்டதும் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடுகின்றன. என் அம்மா தோல் செருப்போடு நடந்து, ஒரு சரிவில் வழுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. அத்தைக்கு ரப்பர் அடியுள்ள, குதிகாலை மூடிய காலணி வாங்குங்கள். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே அதை வாங்கி, வீட்டில் போட்டுப் பழக்கிவிடுங்கள். த்ராபனியிலிருந்து மேலே போகும் கம்பிவடப் பெட்டி காற்று பலமாக வீசினால் ஓடாது. அதனால் எரிச்சேயைக் கடைசி நாளுக்கு ஒதுக்காதீர்கள்.

9 ஏப்ரல்

உட்ஹவுஸ் மார்சலாவைக் கண்டுபிடித்தார் என்று நான் எழுதியது தவறு. சுற்றுலா ஏடுகளில் படித்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் வருவதற்கு முன்பே அந்த ஊர்க் குடும்பங்களில் ‘பெர்பெத்துவம்’ என்ற முறை இருந்தது. வீட்டில் ஒரு பீப்பாய் எப்போதும் இருக்கும். திருமணம், குழந்தைப் பிறப்பு என்று வரும்போது அதிலிருந்து கொஞ்சம் இறக்குவார்கள். அடுத்த அறுவடையில் புதிய ஒயினால் அந்த இடத்தை நிரப்புவார்கள். பீப்பாய் ஒருநாளும் காலியாவதில்லை. தாத்தா காலத்து ஒயினின் ஒரு பங்கு பேரன் கல்யாணத்திலும் இருக்கும். வெளியிலிருந்து சாராயம் எதுவும் சேர்க்காமலேயே அது வலுவாகவும் பழுப்பாகவும் ஆகிவிடும். உட்ஹவுஸ் கண்டுபிடித்தது சந்தையை. அவருக்குப் பின் பெஞ்சமின் இங்காம் வந்தார். 1833இல் வின்சென்சோ ஃப்ளோரியோ வந்து, ஆங்கிலேயர் கையில் இருந்த தொழிலில் ஓர் இத்தாலியரும் இடம்பிடித்தார். பெர்பெத்துவம் முறையில் இன்றும் சிலர் செய்கிறார்கள், அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி, குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன என்ற கேள்வி. இதற்கு என் அம்மாதான் பதில். வாழ்நாளில் ஒரு துளி தொடாதவர். மார்சலாவுக்கு வெளியே ஒரு சிறிய குடும்பக் கூடத்தில் முன்பதிவு செய்திருந்தோம். அங்கே அவற்றைப் ‘பாலியோ’ என்பார்கள்: நான்கு புறமும் உயர்ந்த மதில், ஒரே பெரிய வாசல், நடுவே திறந்த முற்றம். வெளியே 33 பாகை வெயில். கிடங்குக்குள் காலை வைத்ததும் கிணற்றங்கரைக் குளிர்ச்சி. தரை சிமெண்டு அல்ல, மஞ்சள் மணற்கல்லை இடித்துப் போட்ட தரை. காலையில் அதன்மேல் தண்ணீர் தெளித்திருந்தார்கள், எங்கள் காலடி அதில் பதிந்தது. அந்த ஈரம்தான் கோடையில் பீப்பாய்ப் பலகைகள் காய்ந்து வெடிக்காமல் காக்கிறதாம்.

அம்மா ஒரு பீப்பாயைக் கைவிரலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே ‘டம்’ என்று வெற்றொலி, ஒரு சாண் கீழே ‘தொப்’ என்று நிறைந்த ஒலி. “இவ்வளவு பெரிய பீப்பாயில் ஏன் முழுக்க ஊற்றவில்லை, கேள்” என்றார். நான் கேட்டதும் அந்தக் கூடத்துப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. பெரும்பாலான ஒயினுக்குக் காற்று பகை, மார்சலாவுக்கோ காற்று வேண்டும் என்றார். அந்த வெற்றிடத்திலுள்ள காற்றோடு ஆண்டுக்கணக்கில் உறவாடித்தான் வெளிர்மஞ்சள் சாறு தேன் நிறமாகிறது, வாதுமையும் உலர்ந்த அத்திப்பழமும் கலந்த மணம் வருகிறது. எத்தனை ஆண்டு அப்படி இருந்தது என்பதை வைத்தே பெயர் மாறும்: ‘ஃபீனே’ ஓர் ஆண்டு, ‘சுபெரியோரே’ இரண்டு, ‘ரிசெர்வா’ நான்கு, ‘வெர்ஜினே’ ஐந்து, அதற்கும் மேலானது பத்து. நாங்கள் எங்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத செய்தியை, குடிக்காத அம்மாவின் விரல்கள் கேட்டு வாங்கிக்கொடுத்தன.

பிறகு என் முன்னே நான்கு சிறு கோப்பைகள் வந்தன. வண்டி ஓட்ட வேண்டிய கணவர் முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார். அம்மாவுக்கு வேறொரு தட்டு. புளிக்காத திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு ஒரு கிண்ணத்தில் இருந்தது. மார்சலாவின் ‘அம்பிரா’ வகைக்கு நிறம் கொடுக்கச் சேர்ப்பது அதைத்தான். அதே சாற்றில் மாவு கரைத்துக் கிண்டி, அச்சில் வார்த்து உலர்த்திய ஒரு பண்டமும் இருந்தது. ‘மொஸ்தார்தா’ என்று பெயர். சாற்றின் புளிப்பை முறிக்கக் கொஞ்சம் சாம்பல் போட்டுத் தெளியவைப்பார்களாம். அம்மா பாதி தின்றுவிட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். ஆகவே அத்தையைக் கடற்கரையில் உட்கார வைக்காதீர்கள். முன்பதிவின்போது இரண்டு பேர் குடிப்பதில்லை என்று எழுதிவிடுங்கள். அவர்கள் அதற்கேற்ப வைக்கிறார்கள்.

10 ஏப்ரல்

ஒரு வரி விட்டுப்போயிற்று. மார்சலா கடற்கரையில் ‘பாலியோ ஆன்செல்மி’ என்ற பழைய ஒயின் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அதன் கூடத்தில் வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரத்துக் கப்பல் ஒன்றின் எலும்புக்கூடு கிடக்கிறது, கி.மு. 3ஆம் நூற்றாண்டினது, ஹானர் ஃப்ராஸ்ட் என்ற கடலடித் தொல்லியல் அறிஞர் 1970களின் தொடக்கத்தில் கடலுக்கடியிலிருந்து எடுத்தது. பலகைகளில் தச்சர்கள் எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று பினீசிய (இன்றைய லெபனான் பக்கத்துப் பழைய கடல் வணிகர்களின்) எழுத்தில் குறியிட்டிருக்கிறார்கள். ஒயின் பீப்பாய்கள் இருந்த கூரைக்குக் கீழே அந்தக் கப்பல் கிடப்பதைப் பார்ப்பது மனத்தை என்னவோ செய்தது.

13 ஏப்ரல்

மோத்சியா எப்படிப்பட்ட இடம், ஒரு முழு நாளைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாள் காலையாக இருக்க வேண்டும்.

மார்சலாவுக்கும் த்ராபனிக்கும் நடுவே ‘ஸ்தஞ்ஞோனே’ என்ற ஆழமில்லாத காயல். படகோட்டி எஞ்சினைத் தணித்து ஓட்டுவார். குனிந்து பார்த்தால் தரையில் புல் ஆடுவது தெரியும். நடுவே ஒரு வட்டத் தீவு. பினீசியர்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் குடியேறிய நகரம், கி.மு. 397இல் சிராகூசாவின் ஆட்சியாளன் தியோனீசியோஸ் அழித்தான். தீவிலிருந்து கரைக்கு அவர்கள் போட்ட சாலை இப்போதும் ஒரு முழம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. சென்ற நூற்றாண்டிலும் தீவில் விளைந்த திராட்சையை ஏற்றிய மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளும் அதன்மேலே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்குப் போயின. தீவில் இன்றும் கிரில்லோ வகைத் திராட்சை பயிராகிறது. மார்சலாவுக்கு உயர்ந்ததென்று கருதப்படும் வகை அதுதான்.

தீவின் சிறிய அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்கு இளைஞன் நிற்கிறான். 1979இல் தோண்டி எடுத்தார்கள். கைகள் இல்லை, பாதங்கள் இல்லை. உடலோடு ஒட்டிய நீண்ட ஆடை, நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள். இடது இடுப்பின் பக்கம் போய் நில்லுங்கள். முழங்கை உடைந்துபோனாலும் இடுப்பில் ஊன்றிய விரல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அந்த விரல்கள் அழுத்தும் இடத்தில், துணிக்குக் கீழே தசை குழிந்திருக்கிறது. கல்லைத் துணியாகவும் துணிக்குள் சதையாகவும் செய்த கை அது. நான் அதைவிட்டு நகர இருபது நிமிடம் ஆயிற்று. படகு போய்விட்டது, அடுத்த படகில் திரும்பினோம்.

திரும்பி வந்து கரையில் உப்பளங்களைப் பார்த்தோம். கடல்நீரைப் பெரிய பாத்தியிலிருந்து சிறிய பாத்திக்கு மாற்றிக்கொண்டே வந்து, கடைசிப் பாத்தியில் உப்பு பூத்ததும் வாருகிறார்கள். அந்தக் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறம். குவியல்களை மழையிலிருந்து காக்க வீட்டுக் கூரைபோலவே மண் ஓடுகளை வரிசையாக அடுக்கி மூடுகிறார்கள். பழைய காற்றாலைகள் தண்ணீர் இறைக்கவும் உப்பு அரைக்கவும் பயன்பட்டவை. நாங்கள் போன செப்டம்பர் கடைசி வாரத்தில் கடைசி வாரல் நடந்துகொண்டிருந்தது.

16 ஏப்ரல்

வண்டி எடுப்பது பற்றி. இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இத்தாலியில் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுழியம். உங்கள் கணவர் சுவைப்பதாக இருந்தால் நீங்கள் ஓட்டுங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

பழைய ஊர்களின் நடுப்பகுதி ‘ஸெத்தா-தி-எல்லெ’ எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி; நுழைவில் ஒளிப்படக் கருவி இருக்கும். பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருளல்ல, கண்காணிப்பு நடக்கிறது, நுழையாதே என்று பொருள். நாங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கைப்பேசி வரைபடம் காட்டிய வழியே விடுதி வாசல்வரை போனோம். ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே வாடகை வண்டி நிறுவனம் எங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கென்று தனிக் கட்டணம் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு விடுதிக்குத் தொலைபேசியில் கேட்பதே நல்லது. தங்குபவர்களின் வண்டி எண்ணைப் பதிந்து அனுமதி வாங்கித் தரும் விடுதிகள் உண்டு.

18 ஏப்ரல், கேட்டவர்

நீங்கள் சொன்னபடி மேற்கு என்றே முடிவு செய்துவிட்டோம். அக்டோபர் 16 அன்று போய் இறங்குகிறோம். அறுவடையையும் உப்பு வாருவதையும் அத்தைக்குக் காட்ட வேண்டும்.

19 ஏப்ரல்

முன்பதிவு செய்துவிடாதீர்கள். அக்டோபர் 16 என்ற தேதியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் முதல் கேள்வியிலேயே அக்டோபர் பிற்பகுதி என்று எழுதியிருந்தீர்கள். நான் என் செப்டம்பர் நினைவிலேயே உங்களுக்கு மேற்கைப் பரிந்துரைத்துவிட்டேன். மேற்கில் வெப்பம் அதிகம். கிரில்லோ திராட்சையை ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் பறித்துவிடுவார்கள். உப்பும் செப்டம்பரோடு முடிந்து, குவியல்கள் ஓட்டுக்கூரைக்குள் போய்விடும். நீங்கள் போகும்போது அத்தைக்குக் காட்ட அறுவடை இருக்காது.

அக்டோபர் நடுவில் அறுவடை நடப்பது எத்னாவில். எத்னாவின் வடக்குச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே தாமதமாகப் பழுக்கும் வகை. மலையின் குளிரில் இன்னும் தாமதமாகும். 2019இல் நாங்கள் போனது அந்த வாரங்களில்தான். நான் ஏன் அதை முதலில் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அம்மாவோடு போன பயணம் மனத்துக்கு நெருக்கமாக இருந்ததால், ஊரும் நெருக்கமாகிவிட்டது. அது என் காரணம், உங்களுடையதாக ஆக முடியாது.

எத்னா 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த, இப்போதும் விழித்திருக்கும் எரிமலை. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. லிங்குவாகுளோசாவுக்கும் ரந்தாஸ்ஸோவுக்கும் இடையே சரிவு முழுதும் கரிய கல்லை அடுக்கிய படிவயல்கள். கல்லுக்கு நடுவே சாந்து கிடையாது. திராட்சைக் கொடிக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு செஸ்நட் மரக்குச்சியைப் பிடித்துக்கொண்டு சிறு மரம்போல் தனியே நிற்கிறது. ‘ஆல்பெரெல்லோ’ என்றால் குட்டி மரம் என்றே பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சையை அழித்தபோது, இந்த எரிமலை மணலில் அதனால் பரவ முடியாமல் பல கொடிகள் தப்பின. ஒட்டுக்கட்டாமல் தன் வேரிலேயே நிற்கும் நூறு வயதுக் கொடிகளை நாங்கள் தொட்டுப் பார்த்தோம். அடித்தண்டு என் முழங்கையைவிடத் தடிமன். பட்டை உரிந்து நாராகத் தொங்கியது. உச்சியில் ஏழெட்டுக் கொத்துதான். பறிக்கும் பெண்கள் இடுப்பை வளைத்தபடியே வரிசை முடியும்வரை போனார்கள், கத்தரி ‘கிளிக்’ என்றதும் இன்னொரு கை கொத்தை ஏந்தியது. அந்தக் கரிய மணல் என் காலணித் தையலிலிருந்து மாதக்கணக்கில் உதிர்ந்தது.

ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ‘கொன்த்ராதா’ என்று தனிப் பெயர் இருக்கிறது. வெவ்வேறு காலத்தில் இறங்கிய எரிமலைக்குழம்பு வெவ்வேறு அளவில் பொடிந்து மண்ணாகியிருப்பதால், ஒரு சுவருக்கு இந்தப் பக்க ஒயினும் அந்தப் பக்க ஒயினும் வேறாக இருக்கும் என்கிறார்கள். குடிப்பவர் அதைச் சுவையில் பார்க்கலாம். நீங்களும் அத்தையும் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். ஒரு வயலில் கடுகுபோல், அடுத்ததில் மாவுபோல் இருக்கும். பழைய ‘பல்மெந்தோ’ ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். எரிமலைக் கல்லால் ஆன மிதிதளம், அதற்குக் கீழே தொட்டி, பிழிவதற்கு ஒரு முழு மரத்தின் நீளமுள்ள உத்தரம். சாறு தானாகவே மேலிருந்து கீழே ஓடும். ஐரோப்பிய சுகாதார விதிகள் வந்த பிறகு விற்பனைக்கு அதில் செய்ய முடியாது, ஆனால் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன.

20 ஏப்ரல்

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க: கிழக்கில் வண்டி இல்லாமலும் பாதிப் பயணத்தை நடத்தலாம். கத்தானியாவிலிருந்து சிராகூசாவுக்கு ரயில் உண்டு. எத்னாவைச் சுற்றி ‘சிர்க்கும்எத்னேயா’ என்ற குறுகிய பாதை ரயில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஓடுகிறது. ரந்தாஸ்ஸோ அருகே 1981இல் குழம்பு இறங்கிய கரிய காட்டை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நாங்கள் போனபோது ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை, முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். மலை சாம்பல் உமிழ்ந்தால் கத்தானியா விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படுவதும் உண்டு. திரும்பும் நாளில் நெருக்கமான இணைப்பு விமானம் வைக்காதீர்கள்.

23 ஏப்ரல்

சிராகூசா, நோத்தோ இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்கிறீர்கள். சிராகூசாவில் தங்கி, நோத்தோவுக்குப் பேருந்தில் ஒரு மாலை போய் வாருங்கள்.

சிராகூசாவின் பழைய ஊர் ஒர்த்தீஜியா என்ற சிறு தீவு. அதன் பேராலயத்தை முன்னாலிருந்து பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு முகப்பு: வெண்கல், தூண்கள், சிலைகள். அப்படியே இடது பக்கச் சந்துக்குள் திரும்புங்கள். சுவருக்குள் புதைந்து, பாதி வெளியே தள்ளிக்கொண்டு, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அத்தீனா கோயில் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிரேக்கர் கோயில் கட்டினர், கிறித்தவர்கள் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கினர், அரபியர் ஆட்சியில் அது பள்ளிவாசலாக இருந்தது, நார்மானியர் மீண்டும் தேவாலயமாக்கினர். எந்தக் கட்டத்திலும் யாரும் முற்றாக இடித்துத் தள்ளவில்லை. உள்ளே போய் ஒரு தூணின் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தேன். தொட்டுத் தொட்டு அந்த உயரத்தில் மட்டும் கல் மெருகேறியிருந்தது. 1693 ஜனவரி 11 நிலநடுக்கத்தில் முகப்பு விழுந்தது, இந்தத் தூண்கள் தாங்கின.

அதே நிலநடுக்கம் நோத்தோவை முழுதாக அழித்தது. மக்கள் பழைய மேட்டை விட்டுவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளி, புதிய ஊரையே தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டினார்கள். கல் மென்மையானது என்பதால்தான் அந்த உப்பரிகைகளின் கீழே சிங்கங்களும் குதிரைகளும் கடற்கன்னிகளும் செதுக்க முடிந்தது. 1996 மார்ச்சில் அதன் பேராலயக் குவிமாடம் சரிந்து விழுந்தது. 2007இல்தான் திரும்பத் திறந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், அந்த வெயிலில்தான் கல்லின் நிறம் கனியும்.

27 ஏப்ரல்

கிழக்கு என்றால் பலேர்மோ போய்விடுமே என்று அத்தை வருந்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டது உண்மை. இலங்கைத் தமிழர்கள் 1980களிலிருந்து அங்கே குடியேறியிருக்கிறார்கள். பல்லரோ சந்தைப் பக்கம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகள் உண்டு. ஒரு கடையில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு நுழைந்ததும், கல்லாவில் இருந்த அம்மையார் என் அம்மாவைப் பார்த்து, “எங்கயிருந்து வாறியள் அம்மா, இந்தியாவோ? மலையில மாதாவைப் பாத்தியளோ?” என்று கேட்டார். இல்லை என்றதும், பார்க்காமல் போகக் கூடாது என்று பேருந்து ஏறும் இடத்தைக் காட்ட வாசல்வரை வந்தார். தான் சைவம் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே மலையேறுவதாகவும் சொன்னார்.

அவர் சொன்னது பெல்லெகிரீனோ மலை மேலுள்ள, பலேர்மோவின் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில். 1624இல் பலேர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அந்தக் குகையில் கிடைத்த அவளுடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள், நோய் நின்றது என்பது ஊர் நம்பிக்கை. இன்றும் ஜூலையில் விழா எடுக்கிறார்கள். குகையின் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. அது பக்தர்கள் தலையில் விழாதபடி வளைந்து நெளிந்த தகர வாய்க்கால்களை மேலே கட்டியிருக்கிறார்கள், சொட்டும் ஒலி விடாமல் கேட்கிறது. எங்களுக்கு முன்னால் பொட்டு வைத்த இரண்டு பெண்களும் ஒரு சிசிலிப் பாட்டியும் ஒரே பலகையில் முழந்தாளிட்டிருந்தார்கள். அம்மா நிறைய நேரம் கைகூப்பி நின்றார்.

இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் பாண்டியனுக்கு ஊட்டுவதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் சொல்கிறார். அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவினவும் இத்தாலியின் கம்பானியப் பகுதியினவும் உண்டு. அவை சிசிலிச் சாடிகள் அல்ல என்றாலும், மார்சலா அருங்காட்சியகத்தில் அடி கூர்ந்த அந்தச் சாடிகளை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. கூர்ந்த அடி கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி அடுக்குவதற்காம். இவ்வளவு நாள் அந்தப் பாட்டில் நான் தேறலை மட்டும் படித்தேன். ‘நன்கலம்’ என்ற சொல்லை இப்போதுதான் நின்று படிக்கிறேன்.

4 மே

இப்படிச் செய்யுங்கள். பலேர்மோவில் போய் இறங்குங்கள், மூன்று இரவு. அரசவைச் சிற்றாலயத்தின் பொன் பதித்த சுவர்ச்சித்திரங்களும் அரபிய மரக்கூரையும் ஒரு காலை, மலைக்கோயில் ஒரு காலை, சந்தை ஒரு மாலை. அங்கிருந்து பேருந்தில் கத்தானியா, ரயிலில் சிராகூசா, நான்கு இரவு. கடைசி மூன்று இரவு எத்னாவின் வடக்குச் சரிவில். அதற்கு மட்டும் வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். தவோர்மினாவுக்கு அங்கிருந்து ஒரு அரை நாள். நாடக அரங்கின் உடைந்த சுவர் வழியே எத்னாவும் கடலும் சேர்ந்து தெரியும் இடத்தில் நின்றுவிட்டு இறங்கிவிடலாம். அக்ரிஜெந்தோவையும் த்ராபனியையும் விட்டுவிடுங்கள். மோத்சியாவை விடச் சொல்லும்போது எனக்கே வலிக்கிறது. ஆனால் அந்த இளைஞனைப் பார்க்க ஒரு செப்டம்பரில் தனியாகப் போகலாம்.

கடற்கரைக்கு நான் ஸிங்காரோவைச் சொல்வதாக இருந்தேன். 1980 மே மாதம் மக்கள் நடைப்பயணமாகப் போய்க் கடலோரச் சாலை போடுவதைத் தடுத்து, மறு ஆண்டே சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாக்கிய இடம் அது. ஏழு கிலோமீட்டர் கரையில் இன்றும் வண்டி போகாது. அது மேற்கில் இருக்கிறது, ஏற்ற இறக்கமும் அதிகம். உங்களுக்கு வெந்திக்காரி சரியாக இருக்கும், நோத்தோவுக்குக் கீழே. காயல் ஓரம் பாதை சமதளம். சதுப்பின் மேல் பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். அத்தை மெதுவாக நடக்கலாம். பாதையின் முடிவில் கைவிடப்பட்ட சூரைமீன் பட்டறையின் தூண்கள் கூரையில்லாமல் கடலோரம் நிற்கின்றன. இலையுதிர் காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போகும் பறவைகள் இறங்கும். நாங்கள் போன அன்று காயல் முழுதும் பூநாரை. அக்டோபர் மூன்றாம் வாரத்திலும் கடல்நீர் குளிக்க இதமாக இருந்தது. உள்ளே கடை எதுவும் பார்த்த நினைவில்லை; குடிக்கத் தண்ணீரும் அத்தைக்குத் தலைக்குத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.